சர்க்கரை உள்ள இளம்பெண்ணுக்குக் கருத்தடை: எதை, எப்போது, எப்படித் தேர்வது?

பதினோரு வயதில் எனக்கு முதல் வகை சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து ஒரு நீள நோட்டில் அளவுகளை எழுதி வருகிறேன். காலை, மதியம், இரவு, இன்சுலின் என்று நான்கு கட்டங்கள். பத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமானபோது அந்த நோட்டோடு அம்மாவும் நானும் டாக்டரைப் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், விரதம் இருக்கச் சொல்வார்களா என்றெல்லாம் பேசினோம். குழந்தை எப்போது, அதுவரை என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை.

நான்காம் மாதம் நாள் தள்ளிப்போனது. மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, அப்போது எனக்கு 9.4. “முழுகாமல் இருக்கிறாயா?” என்று அம்மா போனில் ஆசையோடு கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. பத்தாம் நாள் மாதவிலக்கு வந்துவிட்டது. இடையில் போன ஒன்பது நாட்களையும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தேன். இன்றும் அவை அழியவில்லை.

அந்த ஒன்பது நாள் இன்னொரு பெண்ணுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இருக்கும், சர்க்கரை உள்ள பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

முதல் படி: எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

“சர்க்கரை இருக்கும்போது கருத்தடை மாத்திரை எல்லாம் ஆகாது” என்று ஊரில் சொல்வார்கள். இதில் பாதி உண்மைகூட இல்லை. சிக்கல் எதுவும் இல்லாத சர்க்கரை நோயாளிகள் ஏறக்குறைய எல்லாக் கருத்தடை முறைகளையும் பயன்படுத்தலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வழிகாட்டி சொல்கிறது. உண்மையில் பயப்பட வேண்டியது, சர்க்கரை கட்டுக்குள் வராத நேரத்தில் எதிர்பாராமல் கரு நிற்பதற்குத்தான்.

காரணம் இதுதான். கருத்தரித்த 28 நாட்களுக்குள் குழந்தையின் முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. இதயம் உருவாவதும் அந்த முதல் சில வாரங்களில்தான். நாள் தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும்போது கருத்தரித்து ஏற்கெனவே இரண்டு வாரம் ஆகியிருக்கும். பரிசோதித்து, வீட்டில் சொல்லி, டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அந்த வாரங்களில் இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் பிறவிக் குறைபாட்டுக்கும் கருச்சிதைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே சர்க்கரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே சரிசெய்தாக வேண்டும், பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்ணின் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இப்போது வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்கள்.

சிறுநீரகத்துக்காகத் தரும் எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும் கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகளும் கர்ப்பத்தில் ஆகாதவை. அவற்றைச் சாப்பிடும் பெண்ணுக்கு நம்பகமான கருத்தடையும் மருத்துவத்தில் ஒரு பகுதி.

இரண்டாம் படி: நோட்டில் ஐந்தாவது கட்டம் போடுங்கள்

சர்க்கரை நோட்டில் மாதவிலக்குக்கு ஒரு கட்டம் கிடையாது. நீங்களே ஒரு கோடு கிழித்துப் போட்டுக்கொள்ளுங்கள். தொடங்கிய நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போதும். இரண்டு, மூன்று மாதத்தில் ஒரு விஷயம் புலப்படும். மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் பலருக்குச் சர்க்கரை ஏறும், தொடங்கியதும் இறங்கும். இதை முன்பே குறித்து வைத்திருந்தால், பின்னால் மாத்திரையோ ஊசியோ தொடங்கும்போது ஏறும் சர்க்கரைக்கு அதுதான் காரணமா, இல்லை எப்போதும் வருவதா என்று பிரித்துப் பார்க்கலாம்.

சர்க்கரை கூடுதலாக இருக்கும் பெண்கள் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. ஆகவே “பாதுகாப்பான நாள்” பார்ப்பது உங்களுக்கு உதவாது. அதை நம்பித்தான் நான் ஒன்பது கோடு போட்டேன்.

மூன்றாம் படி: மூன்று பரிசோதனைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்பது சர்க்கரை எவ்வளவு என்பதைவிட, அது இரத்தக் குழாய்களைத் தொட்டிருக்கிறதா என்பதைத்தான் பெரிதும் பொறுத்தது. அதைக் காட்டுபவை மூன்று: இரத்த அழுத்தம், கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு. கால் மரத்துப் போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எடையைப் பாருங்கள். ஒளிக்கோடு தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் இரத்தம் உறைந்த வரலாறு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்ல நினைத்தால் பாதி மறந்துவிடும். அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தால் மீதியும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அந்த மாத்திரைப் பட்டியலில் ஒன்றைக் குறிப்பாகத் தேடுங்கள். நீர்க்கட்டிக்கு, அதாவது பிசிஓடிக்கு, பல பெண்களுக்கு மாதவிலக்கை ஒழுங்குபடுத்த ஒரு மாத்திரை தருகிறார்கள். பெரும்பாலும் அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையேதான். இரண்டாம் வகை சர்க்கரையும் நீர்க்கட்டியும் சேர்ந்து வருவது இன்று சாதாரணம். சர்க்கரை டாக்டருக்கு மகப்பேறு டாக்டர் எழுதியது தெரியாது, அவருக்கு இவர் எழுதியது தெரியாது. அந்த மாத்திரையில் ட்ரோஸ்பிரினோன் என்ற ஹார்மோன் இருந்து, கூடவே எனலாப்ரிலும் ஓடினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைப்பது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. அப்படி இருக்கக் கூடாதுதான், ஆனால் நடப்பது அதுதான்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நீர்க்கட்டியால் முட்டை வெளிவராமல் இருந்த பெண்ணுக்கு அந்த மாத்திரையால் அது மீண்டும் சீராகலாம். “எனக்குத்தான் மாதவிலக்கே வருவதில்லையே” என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம்.

நான்காம் படி: முறைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியிலிருந்து தொடங்குகிறேன். எனக்குப் பிடித்தது, நான் வைத்துக்கொண்டது அதுதான். அதில் ஹார்மோன் கிடையாது. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எதையும் அது தொடுவதில்லை. கண்ணிலோ சிறுநீரகத்திலோ பாதிப்பு வந்துவிட்ட சர்க்கரை நோயாளிக்கும் எந்தத் தடையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் வைத்திருக்கும் முறை இது. அரசு மருத்துவமனையில் இலவசமாக வைப்பார்கள். 380ஏ என்ற வகை 10 ஆண்டும், 375 என்ற வகை 5 ஆண்டும் வேலை செய்யும். வேண்டாம் என்றால் எந்த நாளிலும் எடுக்கலாம், எடுத்த உடனே கருத்தரிக்கவும் முடியும். “சர்க்கரைக்காரிக்கு அதை வைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும்” என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. முதல் வகை சர்க்கரை உள்ள பெண்களைப் பார்த்த ஆய்வுகளில் அப்படித் தொற்று கூடியதாகத் தெரியவில்லை. குழந்தை பெறாதவர்களுக்கு வைக்க மாட்டோம் என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். அதற்கும் மருத்துவக் காரணம் இல்லை, 20 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் வைத்துக்கொள்ளலாம்.

அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். முதல் சில மாதங்கள் இரத்தப்போக்கும் வயிற்று வலியும் கூடும். ஏற்கெனவே இரத்தசோகை இருந்தால் முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வைக்கும்போது இடுப்புக்குள் ஒரு சுண்டியிழுக்கும் வலி வந்து போகும். எனக்கு அரை நிமிடம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பயத்திலும் வலியிலும் வரும் மயக்கத்தையும் தாழ்சர்க்கரை மயக்கத்தையும் பிரித்தறிவது கஷ்டம். சாப்பிட்டு, சர்க்கரை பார்த்து, பையில் குளுக்கோஸோடு போங்கள்.

ஹார்மோன் உள்ள சுருள், அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் சுருள், இரத்தப்போக்கைக் குறைக்கும். கருப்பையிலேயே வேலை செய்வதால் சர்க்கரையில் பெரிய மாற்றம் தராது. அதிகப் போக்கால் இரத்தசோகை வந்த பெண்ணுக்கு இது காப்பர்-டியைவிடப் பொருத்தம். விலைதான் கூடுதல்.

கையின் தோலுக்கடியில் வைக்கும் தீக்குச்சி அளவுக் குச்சி இன்னொரு நல்ல வழி. மூன்று ஆண்டு வேலை செய்யும். 1000 பேர் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒருவருக்குக் கரு நின்றாலே அதிகம். சர்க்கரையால் சிக்கல் வந்தவர்களும் வைத்துக்கொள்ளலாம். மாதவிலக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் போவது இதன் தொல்லை. இந்தியாவில் அண்மையில்தான் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளில் வரத் தொடங்கியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது மாத்திரை. அரசு தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை இருக்கும். அவற்றில் 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. இதில் ஈஸ்ட்ரோஜன் உண்டு, அது இரத்தம் உறையும் போக்கைச் சற்றுக் கூட்டும். சர்க்கரையால் எந்தச் சிக்கலும் வராத, இரத்த அழுத்தம் சரியாக உள்ள பெண் இதைச் சாப்பிடலாம். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு இவற்றில் பாதிப்பு இருந்தாலோ, இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஒளிக்கோட்டோடு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ இது வேண்டாம். நோய் வந்து 20 ஆண்டு கடந்தவர்களுக்கும் வேண்டாம் என்கிறது வழிகாட்டி. பதின்ம வயதில் அந்தக் கணக்கு வராது. ஆனால் ஐந்து வயதில் நோய் வந்தவர் 18 வயதில் தொடங்கி, யாரும் திரும்பக் கேட்காமல் 25ஐத் தாண்டியும் அதே அட்டையை வாங்கிக்கொண்டிருக்கலாம். அந்தத் தேதியை இப்போதே நோட்டில் குறியுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களுக்கு டெசோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை உண்டு. நாள்தோறும் அதே நேரத்தில் சாப்பிட வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பாதுகாப்பு போய்விடும். இரவு இன்சுலினோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

இந்தியாவுக்கே உரிய ஒன்று சாயா. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் மாத்திரை இது, ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் இதைத் தரக் கூடாது. சர்க்கரை உள்ள பெண்களில் முதல் இரண்டும் அடிக்கடி இருப்பதால், “ஹார்மோன் இல்லையே, அதனால் எல்லாருக்கும் நல்லது” என்று யாராவது நீட்டினால் உடனே வாங்கிவிடாதீர்கள்.

அந்தரா என்ற ஹார்மோன் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுவார்கள். வீட்டில் அட்டையை ஒளித்து வைக்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் சர்க்கரை உள்ள பெண்ணுக்கு என் பட்டியலில் இது கடைசிக்குப் பக்கத்தில்தான். எடை கூடலாம், சர்க்கரை சற்று ஏறலாம். எலும்பு வலுப்பெறும் வயதில் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பு உள்ளவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. போட்ட பிறகு மனம் மாறினால் அதை உடம்பிலிருந்து எடுக்க முடியாது, நிறுத்திய பின் கருத்தரிக்கவும் பல மாதம் ஆகலாம்.

ஆணுறையை மட்டும் நம்பியிருந்தால் நடைமுறையில் 100 பேரில் 13 பேருக்கு ஓராண்டுக்குள் கரு நிற்கிறது. மாத்திரைக்கு அந்த எண் 7. காப்பர்-டிக்கு ஒன்றுக்கும் கீழே. ஆனால் பால்வினைத் தொற்றைத் தடுப்பது ஆணுறை ஒன்றுதான். வேறு எது எடுத்தாலும் அதோடு இதுவும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தொடங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை

ஹார்மோன் உள்ள எதைத் தொடங்கினாலும் முதல் ஆறு வாரம் சர்க்கரையைக் கூடுதலாகப் பாருங்கள். இன்சுலினைச் சற்று மாற்ற வேண்டியிருக்கலாம். மூன்றாம் மாதம் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும். முதல் வகை சர்க்கரை உள்ளவர்களுக்கு வாந்தி என்றதும் கீட்டோன், அதாவது இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம், நினைவுக்கு வர வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். நாள் தள்ளிப்போன நேரத்தில் வாந்தி வந்தால் கீட்டோனையும் பாருங்கள், கர்ப்பப் பரிசோதனையும் செய்யுங்கள். “மசக்கைதான், படுத்துக்கொள்” என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பத்தில் சர்க்கரை மிக அதிகமாக ஏறாமலே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

சில மருந்துகள் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடோயினும் மாத்திரையையும் கையில் வைக்கும் குச்சியையும் பலவீனமாக்கும். அப்போது காப்பர்-டிதான் நம்பகமானது. 2025இல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு ஊசி, அதாவது மவுன்ஜாரோ, இரைப்பையை மெதுவாக்குவதால் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராது. அந்த ஊசியைத் தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரம் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். எடை குறைந்து முட்டை வெளிவருவது சீராகும் அதே நேரத்தில் மாத்திரையும் வேலை செய்யாமல் போவது பெரிய வில்லங்கம்.

ஆறாம் படி: தவறிவிட்டால்

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சாப்பிட வேண்டும். சர்க்கரை இருப்பதால் இதற்கு எந்தத் தடையும் இல்லை, கண்ணோ சிறுநீரகமோ பாதித்திருந்தாலும்கூட. தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்பார்கள். கடை கடையாக அலைந்து நேரத்தை வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எடை கூடுதலாக இருந்தால் மாத்திரையின் பலன் குறையும். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வது அதைவிட உறுதியானது, வைத்ததும் தொடர்ந்து பாதுகாப்பாகவும் இருக்கும். மூன்று வாரம் கழித்தும் மாதவிலக்கு வரவில்லை என்றால் பரிசோதித்துவிடுங்கள்.

கரு நின்றுவிட்டால் எந்த மாத்திரையையும் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். கலைப்பதா, வைத்துக்கொள்வதா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு, மணமானாலும் ஆகாவிட்டாலும், கருக்கலைப்புக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். வைத்துக்கொள்வதாக இருந்தால் அன்றே சர்க்கரை டாக்டரிடம் போங்கள். இன்சுலினை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

பதினெட்டு ஆகாதவர்களுக்கு

18 வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணோடு உடலுறவு, அவள் சம்மதித்தாலும், மணமே ஆகியிருந்தாலும், இந்தியச் சட்டப்படி குற்றம். டாக்டருக்குத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. இந்தப் பயத்தில்தான் பல பெண்கள் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. யாராவது வற்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள். உடம்பைப் பற்றிய சந்தேகம் என்றால் மருத்துவ உதவி எண் 104. அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: மாதவிலக்கு ஒழுங்கில்லை என்று இந்த வயதில் உங்கள் மகளுக்கு மாத்திரை எழுதினால் அவளைத் திட்டாதீர்கள். அதுவும் இன்சுலின் மாதிரி ஒரு மருந்துதான்.

டாக்டர் முன்னால் வாய் திறக்க

எனக்கு வார்த்தை வரவில்லை என்பதால்தான் அந்த நான்கு மாதம் போனது. நீங்கள் இப்படிக் கேட்கலாம்: “டாக்டர், இரண்டு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று நினைக்கிறோம். என் கண், சிறுநீரக ரிப்போர்ட் இது. எனக்கு எது சரியாக இருக்கும்?” அம்மாவோ மாமியாரோ கூட இருந்து பேச முடியவில்லை என்றால், எடை பார்க்கும்போது நர்ஸிடம் “டாக்டரிடம் தனியாக ஒரு நிமிஷம் பேச வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். ஒரு இடத்தில் முகம் சுளித்தால் இன்னொரு இடத்துக்குப் போங்கள்.

நிறுத்தும் நாள்

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த அன்றே காப்பர்-டியை எடுத்துவிடக் கூடாது. வரிசை வேறு. முதலில் எச்பிஏ1சியை 6.5க்குக் கீழே கொண்டுவாருங்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் பாருங்கள், கர்ப்பத்தில் விழித்திரைப் பாதிப்பு கூடலாம். ஆகாத மாத்திரைகளை டாக்டர் மாற்றித் தரட்டும். ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தொடங்குங்கள், சாதாரணமாகத் தரும் அளவு நமக்குப் போதாது. எல்லாம் சரியான பிறகே கருத்தடையை நிறுத்த வேண்டும்.

எனக்கு 9.4இலிருந்து 6.3க்கு வர நான்கரை ஆண்டு ஆனது. 24 வயதில் காப்பர்-டியை எடுத்த அன்று நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் தேதியை எழுதினேன். அதற்குக் கீழே மூன்று சிவப்பு வட்டங்கள் இருக்கின்றன. நான்காவது இல்லை. அந்த முறை அம்மாவுக்கு நான்தான் முதலில் போன் செய்தேன்.